டி. ஆர். கோவிந்தாச்சாரியின் ஆய்வுத் தாக்கம்: மேற்கோள் எண்ணிக்கைக்குள் அடங்குவதும் அடங்காததும்

வாசகர் கேள்வி, பிப்ரவரி 4

தமிழ்நாட்டுக் கரிம வேதியியலாளர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் டி. ஆர். கோவிந்தாச்சாரியின் (1915–2001) பெயர் முதல் வரிசையில் வருகிறது. ஆனால் ஆய்விதழ்த் தரவுத்தளங்களில் தேடினால், அவருடைய பல கட்டுரைகளுக்குக் கிடைத்துள்ள மேற்கோள்கள் மிகக் குறைவு. செடியிலிருந்து ஒரு சேர்மத்தைப் பிரித்து அதன் மூலக்கூறு அமைப்பைக் கண்டறியும் வேலையை இன்றைய கருவிகள் ஒரே நாளில் முடித்துவிடுகின்றன. அப்படியிருக்க, அவரைப் பற்றி நான் எழுதப்போகும் குறிப்பில், அவருடைய ஆய்வுத் தாக்கம் என்று எதைச் சொல்வது?

பிப்ரவரி 4, இரவு

முதலில் காலக்கணக்கைப் பார்த்துவிடுவோம். மேற்கோள்களைத் தொகுக்கும் அட்டவணையை யூஜின் கார்ஃபீல்டு வெளியிடத் தொடங்கியது 1964இல். ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளையும் அவற்றின் மேற்கோள்களையும் சேர்த்து ஒரே எண்ணாகத் தரும் எச்-குறியீட்டை ஹிர்ஷ் என்னும் இயற்பியலாளர் முன்மொழிந்தது 2005இல். கோவிந்தாச்சாரி சென்னை மாநிலக் கல்லூரியில் ஆய்வு செய்து, அங்கே முதல்வராகவும் இருந்து, 1960ஆம் ஆண்டுக்கான பட்நாகர் பரிசையும் பெற்று, 1963இல் பம்பாய் கோரேகாவில் இருந்த, சுவிஸ் மருந்து நிறுவனமான சிபாவின் ஆய்வு மையத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்றது வரையிலான காலம் முழுவதும் இந்த அளவுகோல்கள் பிறப்பதற்கு முந்தையது. அளவுகோல் பிந்தியது என்பதால் மட்டும் அது தவறாகிவிடாது. ஆனால் அது எதை அளக்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு கட்டுரை எத்தனை கட்டுரைகளின் அடிக்குறிப்பில் வந்தது என்பதை அது அளக்கிறது. இயற்கைப்பொருள் வேதியியலாளரின் உண்மையான விளைபொருளோ கட்டுரை அன்று, மூலக்கூறு. அவரைத் தேட வேண்டிய இடம் மூலக்கூறுகளின் வரலாறு என்பதே என் கருத்து. நாளை ஓர் எடுத்துக்காட்டோடு எழுதுகிறேன்.

பிப்ரவரி 5

மஞ்சள் கரிசலாங்கண்ணியை எல்லோருக்கும் தெரியும். அதிலிருந்து வெடலோலாக்டோன் என்னும் சேர்மத்தைப் பிரித்து அதன் அமைப்பை நிறுவிய கட்டுரை 1956இல் இங்கிலாந்து வேதியியல் கழகத்தின் ஆய்விதழில் வந்தது. எழுதியவர்கள் கோவிந்தாச்சாரி, கு. நாகராஜன், பி. ஆர். பை ஆகியோர். கூமரின் வளையத்தோடு பென்சோஃபியூரான் வளையம் ஒட்டிப் பிணைந்த அந்தக் கட்டமைப்பு, பின்னாளில் கூமஸ்டான் என்று வகைப்படுத்தப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்தது. கால்நடைத் தீவனப் பயிர்களில் பெண்மை இயக்குநீர் போலச் செயல்படும் பொருளாகப் பின்னர் புகழ்பெற்ற கூமஸ்டிராலைப் பற்றிய அறிக்கை அதற்கு அடுத்த ஆண்டு, 1957இல்தான், வந்தது.

இனி வெடலோலாக்டோனின் பிற்கால வாழ்க்கையைப் பாருங்கள். கல்லீரல் பாதுகாப்பு குறித்த ஆய்வுகளில் அது இடம்பெற்றது. 2004இல், அழற்சிக்கான செல் சமிக்ஞைகளைக் கட்டுப்படுத்தும் ஐகேகே என்னும் நொதித் தொகுதியை அது நேரடியாகத் தடுக்கிறது என்ற முடிவு வெளியானது. அதன்பின் உயிரியலாளர்கள் அதைக் கருவிப்பொருளாகவே பயன்படுத்தத் தொடங்கினார்கள். வேதிப்பொருள் விற்பனையாளரிடமிருந்து சிறு குப்பியில் அதை வாங்கும் ஒரு செல் உயிரியலாளர், தம் கட்டுரையில் 2004ஆம் ஆண்டுக் கட்டுரையை மேற்கோள் காட்டுவாரே தவிர 1956ஆம் ஆண்டுக் கட்டுரையைக் காட்ட மாட்டார். அதில் குற்றம் சொல்லவும் இடமில்லை, ஏனென்றால் அவருக்குத் தேவைப்பட்டது அந்த நொதித் தகவல். ஆனால் அவர் வரைந்து காட்டும் வளையங்களும், அவற்றில் மெத்தாக்சி என்னும் சிறு அணுத்தொகுதி எந்த இடத்தில் அமர்ந்திருக்கிறது என்பதும் மாநிலக் கல்லூரி ஆய்வகத்தில் தொடங்கிய வேலையின் பயன்கள்.

பிப்ரவரி 5, பின்னிரவு

மேலே எழுதியதை ஒரு கோட்பாடாகவே சொல்லியிருக்கிறார்கள். ஒரு கண்டுபிடிப்பு பொது அறிவில் முழுமையாகக் கரைந்துவிட்டால் அதன் மூலக் கட்டுரை மேற்கோளிலிருந்து மறைந்துபோகும் என்று சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் விளக்கினார். ஆனால் இந்த வாதத்தை எச்சரிக்கையோடுதான் கையாள வேண்டும். மேற்கோளே இல்லாத எந்தக் கட்டுரைக்கும் 'கரைந்துவிட்டது' என்று சமாதானம் சொல்ல முடியும் என்றால் அந்த வாதத்துக்கு மதிப்பில்லை. கரைந்தது என்று சொல்பவர் எந்த வழியாகக் கரைந்தது என்றும் காட்டியாக வேண்டும். வெடலோலாக்டோனுக்கு அந்த வழி தெளிவாக இருப்பதால்தான் அதை முதலில் எடுத்தேன்.

பிப்ரவரி 8

'கருவி ஒரே நாளில் செய்துவிடும்' என்ற வரிக்கு வருகிறேன். இது என்னைத் தொடர்ந்து உறுத்திக்கொண்டிருக்கிறது.

நானும் தாவர வேதியியல் ஆய்வகத்தில்தான் வளர்ந்தேன். நஞ்சறுப்பான் இலைகளிலிருந்து ஆல்கலாய்டுகளை, அதாவது தாவரங்கள் உருவாக்கும் நைட்ரஜன் கொண்ட சேர்மங்களைப் பிரிக்கும் வேலை மாணவப் பருவத்தில் எனக்குக் கொடுக்கப்பட்டது. உலர்ந்த இலைப்பொடியை ஆல்கஹாலில் ஊறவைத்து, வடித்து, ஆவியாக்கி, எஞ்சும் கரும்பச்சைப் பிசினை நீர்த்த அமிலத்தில் கரைத்து, பச்சையத்தையும் கொழுப்பையும் நீக்கி, அமோனியா சேர்த்துக் காரமாக்கிக் குளோரோஃபார்மில் இறக்குவோம். பிறகு சிலிக்கா ஜெல் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் ஊற்றிப் பகுதி பகுதியாகச் சேகரிப்போம். ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒரு துளியை மெல்லிய தகட்டில் வைத்து, டிராகன்டார்ஃப் கரைசலைத் தெளித்தால், ஆல்கலாய்டு இருக்கும் இடம் ஆரஞ்சு நிறத்தில் எழும். அந்தப் பொட்டு தெரிந்த பிறகும் வேலை பாதிதான் முடிந்திருக்கும், ஏனென்றால் இந்தச் சேர்மங்கள் வெளிச்சத்தைத் தாங்காதவை. குடுவைக்கு அலுமினியத் தாள் சுற்றாமல் மேசையில் விட்டுச் சென்றால், திரும்பி வரும்போது கரைசல் மஞ்சளாகியிருக்கும்.

எங்களுக்கு மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். கருவி இருந்தது. அந்த இலையின் ஆல்கலாய்டான தைலோஃபோரின் எப்படி இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தது. நூலிலிருந்த எண்களோடு எங்கள் எண்களை ஒப்பிட்டோம், அவ்வளவுதான். அந்த நூலுக்கு அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பதைப் பழைய கட்டுரைகளைப் படித்தபோதுதான் உணர்ந்தேன். தைலோஃபோரினை 1935இலேயே ரத்தினகிரீஸ்வரன், வெங்கடாசலம் இருவரும் பிரித்துவிட்டார்கள். அதன் அமைப்பைக் கண்டறியும் பணியைச் சென்னையில் கோவிந்தாச்சாரியின் குழு எடுத்துக்கொண்டது. 1950களில் அதற்குக் கிடைத்த வழி, மூலக்கூறைத் தெரிந்த முறைகளில் படிப்படியாக உடைப்பது, உடைந்த துண்டு எதுவாக இருக்கும் என்று ஊகிப்பது, அந்த ஊகத்தை எளிய பொருள்களிலிருந்து ஆய்வகத்தில் தனியாகத் தொகுத்துச் செய்து பார்ப்பது, இரண்டையும் கலந்து உருகுநிலை தாழ்கிறதா என்று சோதிப்பது. தாழவில்லை என்றால் இரண்டும் ஒன்றே. நான்கு மெத்தாக்சி தொகுதிகள் கொண்ட ஃபினாந்திரீன் வளையத்தொகுதி ஒருபுறமும், நைட்ரஜனைத் தாங்கிய இண்டோலிசிடீன் வளையத்தொகுதி மறுபுறமும் இணைந்த அமைப்பு அப்படித்தான் உறுதிப்பட்டது. 1961இல் லக்ஷ்மிகாந்தம், ராஜதுரை ஆகியோரோடு சேர்ந்து தைலோஃபோரினையே தொகுத்துக் காட்டிய கட்டுரை டெட்ராஹெட்ரான் இதழில் வந்தது. இயற்கையிலிருந்து வந்ததும் குடுவையில் செய்ததும் பொருந்தியபோது அமைப்பு பற்றிய ஐயத்துக்கு இடமில்லாமல் போனது.

இன்றைய கருவி ஒரே நாளில் விடை சொல்வது உண்மை. அப்படிச் சொல்ல முடிவதற்கு ஒரு காரணம், ஃபினாந்திரோ இண்டோலிசிடீன் என்ற வகை இயற்கையில் இருக்கிறது என்பது முன்பே நிறுவப்பட்டிருப்பது. தெரிந்த குடும்பத்தில் புதிய உறுப்பினரை அடையாளம் காண்பதும், குடும்பமே தெரியாத நிலையில் முதல் ஆளை அடையாளம் காண்பதும் ஒரே வேலை அல்ல.

பிப்ரவரி 11

என்னைக் கேட்டால் அவருடைய ஆய்வு வாழ்க்கையின் உச்சம் ஆன்சிஸ்ட்ரோக்ளாடின் என்றே சொல்வேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஆன்சிஸ்ட்ரோக்ளாடஸ் ஹெய்னியானஸ் என்னும் கொடியிலிருந்து, கோரேகாவில் பார்த்தசாரதியோடு சேர்ந்து இந்த ஆல்கலாய்டை அவர் அறிவித்தது 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில். அதன் வடிவம் இரண்டு வகைகளில் விசித்திரமானது. ஒன்று, வழக்கமான ஐசோகுவினோலின் ஆல்கலாய்டுகள் டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து உருவாகின்றன, அவற்றின் ஆக்சிஜன் அணுக்கள் அமரும் இடங்களும் அதற்கேற்ப இருக்கும். இதிலோ ஆக்சிஜன்கள் வேறு இடங்களில் இருந்தன, மெத்தில் தொகுதிகளும் எதிர்பாராத இடங்களில் இருந்தன. அசிட்டேட் அலகுகளைக் கோத்துத் தாவரம் இதைக் கட்டுகிறது என்பதே அந்த ஏற்பாட்டுக்குப் பொருந்தும் விளக்கம். ஆல்கலாய்டு உலகில் அது அரிய வழி.

இரண்டாவது, நாஃப்தலீன் பகுதியையும் ஐசோகுவினோலின் பகுதியையும் இணைக்கும் ஒற்றைப் பிணைப்பு. ஒற்றைப் பிணைப்பு தாராளமாகச் சுழலும் என்றுதான் மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம். இங்கே இரு பக்கமும் பருத்த தொகுதிகள் முட்டிக்கொள்வதால் சுழற்சி நின்றுவிடுகிறது. அதனால் ஒரே இணைப்புகள் கொண்ட மூலக்கூறு, முறுக்கின் திசையைப் பொறுத்து இரண்டு தனிச் சேர்மங்களாகக் கிடைக்கிறது. இது வெறும் ஏட்டுக் கருத்து அல்ல என்பதற்குச் சான்றும் அவர் குழுவிடமிருந்தே வந்தது. அதே பேரினத்தைச் சேர்ந்த ஆன்சிஸ்ட்ரோக்ளாடஸ் ஹமேட்டஸ் கொடியிலிருந்து அவர்கள் கண்ட ஹமட்டின், ஆன்சிஸ்ட்ரோக்ளாடினின் மறுமுறுக்கு வடிவமே.

இதற்குப் பின் நடந்ததைக் கவனியுங்கள். ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் கெர்ஹார்ட் பிரிங்மன் இந்த நாஃப்தைல் ஐசோகுவினோலின் குடும்பத்தையே தம் ஆய்வு வாழ்வின் மையமாக ஆக்கிக்கொண்டார். அந்த முறுக்கு அச்சை விரும்பிய திசையில் அமைக்கும் தொகுப்பு முறைகளை அவர் உருவாக்கினார். அசிட்டேட் வழி உயிர்த்தொகுப்பையும் அவர் குழு சோதனையில் காட்டியது. 1991இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தினர் கேமரூன் காட்டுக் கொடி ஒன்றிலிருந்து எச்.ஐ.வி.யைத் தடுக்கும் மிச்செல்லமின்களை அறிவித்தார்கள். அந்தக் கொடி புதிய இனம் என்று தெரிந்து 1993இல் ஆன்சிஸ்ட்ரோக்ளாடஸ் கொருபென்சிஸ் என்று பெயரிடப்பட்டது. மிச்செல்லமின்கள் இதே குடும்பத்தின் இரட்டை மூலக்கூறுகள்.

கோரேகாவ் கட்டுரைகளுக்குக் கிடைத்த மேற்கோள்களை மட்டும் கூட்டினால் சிறிய எண்தான் வரும். அந்தக் கட்டுரைகள் திறந்த துறையில் பிறர் எழுதியவற்றைக் கூட்டினால் வருவது முற்றிலும் வேறு எண்.

பிப்ரவரி 12

நேற்று எழுதியதில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். மிச்செல்லமினின் பெருமையைக் கோவிந்தாச்சாரிக்குக் கொடுப்பது என் நோக்கம் அன்று. அது கண்டவர்களுக்கே உரியது. மேலும், செயல்படும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவாக இருந்ததால் அது மருந்தாகவும் வரவில்லை. ஆகவே 'எச்.ஐ.வி. மருந்துக்கு வித்திட்டவர்' என்று யாரேனும் எழுதினால் அதை ஏற்க வேண்டாம். நான் சொல்வது இதைவிடச் சிறியது, ஆனால் உறுதியானது. கேமரூன் கொடியிலிருந்து வந்த பொருளைப் பார்த்தபோது அது எந்த வகை என்று அவர்களால் சொல்ல முடிந்தது, ஏனென்றால் அந்த வகை முன்பே அறியப்பட்டிருந்தது.

பிப்ரவரி 17

தாக்கம் என்றால் நல்ல தாக்கம் மட்டுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடை அவருடைய 1972ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றிலேயே இருக்கிறது.

புற்றுநோய் எதிர்ப்புப் பொருளான கேம்ப்டோதெசினை 1966இல் மன்ரோ வாலும் மன்சுக் வானியும் அவர்களது குழுவும் ஒரு சீன மரத்திலிருந்து கண்டறிந்தார்கள். 1972இல் கோவிந்தாச்சாரியும் விஸ்வநாதனும், மேற்குத் தொடர்ச்சி மலை மரமான மாப்பியா ஃபோட்டிடாவில் அதே கேம்ப்டோதெசின் நிறைய இருப்பதை அறிவித்தார்கள். அந்த மரத்தை இப்போது நோத்தபோடைட்டிஸ் நிம்மோனியானா என்கிறார்கள். கூடவே 9-மெத்தாக்சி கேம்ப்டோதெசின் என்ற புதிய சேர்மத்தையும் கண்டார்கள்.

அந்தக் கட்டுரை வந்த வேளையைப் பாருங்கள். கேம்ப்டோதெசினின் சோடியம் உப்பை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனைகள், சிறுநீர்ப்பையில் குருதிக்கசிவு உள்ளிட்ட கடும் பக்கவிளைவுகளால், அந்த ஆண்டுகளில்தான் கைவிடப்பட்டன. கைவிடப்படும் பொருளுக்கு வளமான புதிய மூலத்தைக் காட்டும் கட்டுரையை யார் மேற்கோள் காட்டுவார்கள்? 1985இல் அது டோப்போஐசோமரேஸ்-1 என்னும் நொதியைக் குறிவைக்கிறது என்று தெரிந்த பிறகே மறுபடி ஆர்வம் எழுந்தது. 1996இல் டோப்போடீக்கான், இரினோடீக்கான் என்ற இரண்டு வழித்தோன்றல்கள் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. சினைப்பைக்கும் நுரையீரலுக்கும் குடலுக்கும் வரும் புற்றுநோய்களில் இன்றும் பயன்படும் இந்த மருந்துகளுக்குத் தொடக்கப்பொருள் தாவரத்திலிருந்து எடுக்கும் கேம்ப்டோதெசினே. 'நோத்தபோடைட்டிஸ் ஒரு வளமான மூலம்' என்ற வரி அப்போது ஆய்விதழ்ப் பக்கத்திலிருந்து இறங்கிக் காட்டுக்குள் நுழைந்தது.

மரங்கள் வெட்டப்பட்டன. வேரிலும் தண்டிலும் சேர்மம் இருப்பதால் இலையைப் பறிப்பதோடு வேலை முடிவதில்லை, மரத்தையே எடுத்துவிடுகிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் இந்த இனம் வெகுவாகக் குறைந்து, அழியும் ஆபத்தில் உள்ளவற்றுள் ஒன்றாகப் பேசப்படுகிறது. இப்போது எந்தப் பகுதி மரங்களில் கேம்ப்டோதெசின் அதிகம் என்ற தேடல், திசு வளர்ப்பு, மரத்துக்குள் வாழும் பூஞ்சைகள் அதை உருவாக்குகின்றனவா என்ற ஆராய்ச்சி எனப் பல வேலைகள் நடக்கின்றன. அத்தகைய பூஞ்சை ஒன்றை ஜம்மு ஆய்வாளர்கள் 2005இல் அறிவித்தார்கள். இவை அத்தனையும் 1972ஆம் ஆண்டின் அந்தச் சிறு கட்டுரையிலிருந்து கிளைத்தவை. நோயாளிக்குச் சென்ற மருந்தும் அதன் தாக்கம், காட்டில் காணாமற்போன மரமும் அதன் தாக்கம்.

பிப்ரவரி 18

மரம் வெட்டப்பட்டதற்கு வேதியியலாளர் மீது பழி போடலாமா என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். பழி போடவில்லை. 1972இல் வெளியிட்டவருக்கு 1996இன் சந்தை எப்படித் தெரியும்? ஆனால் தாக்கத்தைக் கணக்கிட உட்கார்ந்தவர் இனிப்பானதை மட்டும் எழுதிக்கொண்டு எழுந்துவிடக் கூடாது. இன்று ஒரு மாணவர் அரிய செடியில் விலைமதிப்புள்ள சேர்மத்தைக் கண்டால், எந்த இடத்தில் சேகரித்தார் என்பதை எவ்வளவு துல்லியமாக அச்சிடலாம் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. என் மாணவர்களிடம் இதை நான் வலியுறுத்துகிறேன். சேகரித்த மாதிரியை உலர்த்தி உலர்தாவரக் காப்பகத்தில் ஒப்படைத்து எண் பெற வேண்டும், அது அறிவியல் கடமை. காட்டுக்கு வழிகாட்டும் வரைபடத்தைக் கட்டுரையில் போட வேண்டியதில்லை.

பிப்ரவரி 24

தொழில்துறையில் கழித்த ஆண்டுகளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதாமல் விட முடியாது. சிபாவின் சோதனைப் பொருள்களுக்கு எண்ணோடு ஓர் இணைப்பும் உண்டு. பாசெல் நகரில் உருவானவை 'பா' என்று முடியும், கோரேகாவில் உருவானவை 'கோ' என்று முடியும். அமாஸ்கனேட் என்னும் குடற்புழு எதிர்ப்புப் பொருள் சி 9333-கோ என்ற எண்ணில்தான் உலக ஆய்விதழ்களில் உலவியது. நைட்ராக்சசெப்பின் என்னும் மனச்சோர்வு மருந்து, சின்டமில் என்ற பெயரில் 1982இல் இந்தியச் சந்தைக்கு வந்தது, அதுவும் கோரேகாவின் விளைச்சல். இந்திய ஆய்வகத்தில் கருக்கொண்ட புதிய மூலக்கூறு மருந்தாகி வெளிவருவது அக்காலத்தில் மிக அரிது. மருந்து நிறுவன ஆய்வில் பாதி வேலை காப்புரிமைக்குள்ளும் உள்ளறிக்கைக்குள்ளும் முடங்கிவிடும் என்பதை அந்தத் துறையில் இருப்பவர்கள் அறிவார்கள். அப்படி இருந்தும் ஆன்சிஸ்ட்ரோக்ளாடினும் மாப்பியாவும் அதே கூரையின் கீழிருந்து எல்லோரும் படிக்கும் ஆய்விதழ்களுக்குப் போயின. மருந்துக்கூடத்துக்குள் அடிப்படை ஆய்வுக்கு இடம் ஒதுக்கி, அதை வெளியிடவும் வைத்த இயக்குநரின் முடிவு அதில் இருக்கிறது. அதை எந்தக் குறியீடும் எண்ணுவதில்லை.

மார்ச் 2

கடைசியாக வேம்பு. ஓய்வுக்குப் பின் சென்னை திரும்பிய அவர், பிற்காலத்தில் ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையில் வேப்பங்கொட்டையை எடுத்துக்கொண்டார். பூச்சிகளை உண்ணவிடாமல் தடுக்கும் அசாடிராக்டினை 1968இல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் பட்டர்வொர்த்தும் மோர்கனும் பிரித்திருந்தார்கள். அதன் சரியான அமைப்பு தெளிவாக 1980களின் நடுப்பகுதி வரை ஆயிற்று. ஸ்டீவன் லே குழு அதைத் தொகுத்து முடித்தது 2007இல். கோவிந்தாச்சாரியின் குழு வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. கொட்டைச் சாற்றிலுள்ள நெருங்கிய உறவுச் சேர்மங்களை உயர்திறன் திரவக் குரோமட்டோகிராபியால் (எச்.பி.எல்.சி.) நேரடியாகப் பிரித்தெடுப்பதில் அவர்கள் தேர்ந்தார்கள். அசாடிராக்டின் எச், ஐ என்ற இரண்டு புதிய சேர்மங்களை அறிவித்த கட்டுரை 1992இல் வந்தபோது அவருக்கு வயது எழுபத்தைந்தைத் தாண்டியிருந்தது. கலப்பு உருகுநிலையில் தொடங்கியவர் எச்.பி.எல்.சி. வரை வந்திருக்கிறார் என்பது எனக்கு மிகுந்த மரியாதையை உண்டாக்குகிறது. நுட்பம் மாறும்போது துறையைவிட்டு விலகிய திறமையாளர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

கேள்வி கேட்ட நண்பருக்கு ஒரு வேண்டுகோள். கோவிந்தாச்சாரியைப் பற்றிக் குறிப்பு எழுதப்போவதாகச் சொன்னீர்கள். மேற்கோள் எண்ணை அதில் போடுங்கள், மறைக்க வேண்டியதில்லை. அதற்குப் பக்கத்தில் இன்னொரு நிரலில் அவர் அமைப்பை நிறுவிய சேர்மங்களை ஆண்டு வாரியாக எழுதி, ஒவ்வொன்றையும் பின்னால் யார் எதற்காக எடுத்தார்கள் என்று தேடிப் பாருங்கள். ஆன்சிஸ்ட்ரோக்ளாடினிலிருந்து தொடங்கினால் பாதை எளிதாகத் தெரியும். பிரிங்மனின் மறுஆய்வுக் கட்டுரைகளின் முதல் பக்கமே உங்களைக் கோரேகாவுக்குத் திருப்பி அனுப்பும். தைலோஃபோரினுக்கு 1961ஆம் ஆண்டுக் கட்டுரையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அதற்கு முந்தைய கட்டுரைகளில் உள்ள சிதைவு வினைகளைப் படிக்காமல் அந்தத் தொகுப்பின் ஒவ்வொரு படியும் ஏன் அப்படி அமைந்தது என்பது புரியாது.